ஆறு டிகிரி தண்ணீருக்கு ஓர் உடை

மாலை நாலு மணி பத்து நிமிடம். கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கிய கறுப்பு ரப்பர் உடை. அதற்குக் கை கிடையாது. கால்கள் கணுக்கால்வரை நீண்டிருந்தன. வலது முழங்காலில் சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோல ஒட்டுப் போட்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“உதைப் பாக்காதேங்கோ அண்ணை. உள்ளுக்கு வாங்கோ” என்றார் மலர்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு மார்ச் மாதம். எங்கள் பத்திரிகையில் கணினியில் பக்கம் அமைக்கும் ஏற்பாடு வரப்போகிறது. அதை லண்டனில் ஓர் அச்சகத்தில் பார்த்துவரச் சொல்லி என்னைப் பத்து நாள் அனுப்பியிருந்தார்கள். செவன் கிங்ஸில் சிவநேசன் வீட்டில் தங்கினேன். எண்பத்துநாலில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து, வடபழனியில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்த குடும்பம். ஊரில் நில அளவையாளராக இருந்த சிவநேசன் இங்கே பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் உட்காருகிறார். அவர் மனைவி மலருக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒரே மகள் தர்சினிக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடந்து என் மனைவியிடம் அடி வாங்கியவள்.

ரப்பர் உடை அவளுடையது. சரியாகச் சொன்னால், அவள் சேர்ந்திருந்த கயாக் கிளப்புடையது. கயாக் என்பது ஒருவர் இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டையுள்ள துடுப்பால் தள்ளும் ஒடுங்கிய படகு. கவிழ்வதற்கென்றே செய்ததுபோல இருக்கும்.

இரவு இடியப்பமும் சொதியும் பொரித்த மீனும். சாப்பாட்டு மேசையிலேயே வழக்கு தொடங்கிவிட்டது.

“மாமா, ஈஸ்டருக்கு ஸ்கொட்லாந்துக் கடலுக்குப் போறம். கிளப்பிலை அஞ்சு பேரைத்தான் எடுத்தவை. நானும் ஒராள். சொந்தமா சூட் இல்லாட்டிக் கூட்டிக்கொண்டு போகேலாதாம். மார்ட்டின் சொல்லிப்போட்டார்.” மார்ட்டின் என்பவர் பயிற்சியாளர். “கிளப் சூட் முழுக்க ஓட்டை. ஒட்டுறதுக்கு எண்டு நேத்து வீட்டை கொண்டுவந்தன். அதோடை பிடிச்சது சனி.”

“நான் கடலுக்குப் பயந்த ஆளில்லை அண்ணை” என்றார் மலர். “மயிலிட்டியிலை பிறந்தனான். அப்புவுக்கு ரெண்டு வள்ளம். ஆனா உந்த உடுப்பைப் பாருங்கோ. தோலுக்கு மேலை தோல் மாதிரி. அப்பு வள்ளத்திலை ஏறினா சேட்டுப் பொத்தானே பூட்டமாட்டார். தண்ணிக்கை விழுந்தா ஒரு உதறு, சேட்டு கழண்டுபோம். இறுக்கின உடுப்போடை விழுந்தவன் எழும்பினதை நான் காணேல்லை.”

“அம்மா, அது வெந்நீர் மாதிரிக் கடல். இது ஐஸ்.”

“தண்ணி தண்ணிதானே பிள்ளை.”

தர்சினி மாடிக்குப் போன பிறகு மலர் குரலைத் தாழ்த்தி இரண்டாவது காரணத்தைச் சொன்னார். “கோயிலுக்கு வாற சனம் ஆரும் உதோடை இவளைக் கண்டா என்னத்தைச் சொல்லுறது?” முதல் காரணம் சபைக்கு, இரண்டாவது தமக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படியில்லை. இரண்டையும் அவர் உண்மையாகவே நம்பினார்.

சிவநேசன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். “நான் ஷிப்டுக்குப் போறன். நீங்கள் மூண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கோ. வேணுமெண்டா என்ரை மழைச் சட்டையைக் கொண்டுபோகட்டும். மைல் தூரத்திலையே பளிச்செண்டு தெரியும்.”

முடிவு மறுநாள் காலையில் வந்தது. உடை வாங்கலாம், ஆனால் உடம்போடு ஒட்டக் கூடாது. தர்சினி ஒத்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்ட வேகம் எனக்கு வியப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அச்சகத்தில் எட்டு மணி நேரம். கத்தரியும் பசையும் இல்லாத பக்கம். ஒரு பத்தியைத் தூக்கி மறுபக்கம் வைக்க ஒருவர் மேசையைத் தட்டாமல், யாரையும் திட்டாமல், விரலால் செய்தார். மதியம் ரொட்டிக்குள் முட்டை, குளிர்ந்தது. சென்னையில் குளிர்ந்த சாப்பாடு கொடுத்தால் சண்டை வரும். இங்கே அதை நின்றுகொண்டு சாப்பிட்டுவிட்டு நன்றியும் சொல்கிறார்கள். திரும்பும்போது தவறான ரயிலில் ஏறி, எங்கோ வடக்கே ஒரு மேடையில் அரைமணி நேரம் நின்றேன். பக்கத்தில் இரண்டு கிழவிகள். “சனிக்கிழமைக்குள் வெயில் வந்துவிடுமாம்” என்றார் ஒருவர். “நம்பாதே, இந்த மாதம் காற்றில்தான் வசந்தம், மண் இன்னும் ஜனவரிதான்” என்றார் மற்றவர்.

அன்று மாலை தர்சினி ஒரு தாளைக் காட்டினாள். மார்ட்டின் தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்தது. பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி பரவாயில்லை. தலைக்குத் தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில், வெளியில் அடிக்கும் வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், விழப்போகும் தண்ணீரை நினைத்து உடுத்துங்கள் என்று இருந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

புதன்கிழமை மலர் என்னை ஈஸ்ட் ஹாமுக்கு அழைத்துப்போனார். ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவில் முருங்கைக்காய், தேங்காய்ப்பூ, கொழும்பிலிருந்து வந்த மிளகாய்த்தூள். பனிக்கட்டிக்குள் உறைந்த நெத்தலி. சேலைக்கடை ஒன்றில் நுழைந்து, தண்ணீர் விளையாட்டுக்குப் பெண்பிள்ளை போடும்படியாக ஏதாவது உண்டா என்று மலர் கேட்டார். கடைக்காரர் கும்பகோணம் பக்கத்து ஆள்.

“இருக்கே அக்கா. பாலியெஸ்டர் சுடிதார். அதுக்கு மேல ஒரு ரெயின்கோட்டு. தண்ணி ஓடிப் போயிடும்.”

“குளிர்?”

“குளிருக்கு வீட்டுல இருக்கணும்” என்று சிரித்தார். மலரும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

வியாழக்கிழமை அச்சகத்தில் அரைநாள். கயாக் சாமான் விற்கும் கடை நகரத்தின் மேற்குக் கோடியில், ஆற்றங்கரையில் இருந்தது. நாங்கள் மூவரும் போன ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். யாரும் இறங்கவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊர் என்றால் இதற்குள் பாதிப் பேர் தண்டவாளத்தில் நின்று, மீதிப் பேருக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, “என் நாய் எனக்காகக் காத்திருக்கும்” என்றார், யாருக்குமில்லாமல். கடைக்குள் நுழையும்போது மணி நாலு ஐம்பது. ஐந்தரைக்கு மூடுவார்கள்.

கடைக்காரப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். காற்றடித்துச் சிவந்த முகம். பேச்சில் அவசரமே இல்லை. சுவர் நெடுக உடைகள். அவர் முதலில் எடுத்தது ஆரஞ்சு நிறத்தில் தொளதொளவென்று ஒரு முழு உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் வளையம். தண்ணீர் உள்ளே வரவே வராது. உள்ளே கம்பளி போட்டுக்கொள்ளலாம். மலருக்கு அதன் தொளதொளப்பு பிடித்தது. கழுத்து வளையத்துக்குள் கைவிட்டுப் பார்த்தார்; வளையம் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தது.

“ஐயோ, இது கழுத்தை நெரிச்சுப்போடும்.”

தர்சினி விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப மாட்டினாள். மற்றதைப்போல நான்கு மடங்கு.

மற்றது, மாடிப்படியில் தொங்கியதே, அந்த வகை. நியோப்ரீன் என்ற பஞ்சுபோன்ற ரப்பர். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. நடுத்தரம் அன்று தீர்ந்திருந்தது. பெண்மணி தர்சினியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துச் சிறியதை எடுத்துக் கொடுத்தார். அவள் திரைக்குப் பின்னால் போய் அதை மாட்டிக்கொண்டு வர ஐந்து நிமிடம் ஆயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “கழட்டு பாப்பம்” என்றார். திரைக்குப் பின்னால் தாயும் மகளும் சேர்ந்து இழுத்துக் கழற்றியதற்கு மேலும் நாலு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பெரியதை அவள் ஒரு நிமிடத்தில் மாட்டினாள். முதுகிலும் முழங்காலுக்குப் பின்னாலும் மடிப்பு விழுந்தது. கழற்றச் சொன்னபோது அது தானாகவே கீழே இறங்கியது.

“பாத்தியளே அண்ணை? ஆபத்துக்குக் கழட்ட ஏலும்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெண்மணி வந்து தர்சினியின் முதுகில் ரப்பரைக் கொத்தாகப் பிடித்துக் காட்டினார். அவர் சொன்னதை அன்று ரயிலிலேயே எழுதி வைத்தேன். “இதைப் பாருங்கள், ஒரு கைப்பிடி வருகிறது. இப்படி வரக் கூடாது. இந்த உடை தண்ணீரைத் தடுப்பதில்லை கண்ணு. கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு அதை உன் உடம்புச் சூட்டில் வைத்திருக்கும். தொளதொளவென்று இருந்தால் அந்தத் தண்ணீர் நிற்காது. ஒவ்வொரு அசைவுக்கும் புதுக் குளிர்நீர் வந்துபோகும். இது உடை இல்லாததைவிட மோசம், ஏனென்றால் உடை இருக்கிறது என்று நீயும் நினைப்பாய், மற்றவர்களும் நினைப்பார்கள். இதை நான் உனக்கு விற்க விரும்பவில்லை.”

மலருக்கு ஆங்கிலம் வேலைக்கு வேண்டிய அளவு தெரியும். இந்த வேகத்துக்குத் தெரியாது. “என்ன சொல்லுறா?” என்று மகளைக் கேட்டார்.

தர்சினி அம்மா பக்கம் திரும்பினாள். “பெரிசெண்டாலும் பரவாயில்லையாம் அம்மா. கொஞ்சம் தண்ணி உள்ளுக்கு வருமாம். அது சூடாயிடுமாம்.”

மலர் என்னைப் பார்த்தார். “அப்பிடியே அண்ணை சொன்னவ?”

தர்சினியும் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்தாள். சிறியது என்றால் உடை இல்லை. உடை இல்லை என்றால் ஸ்காட்லாந்து இல்லை. மணி ஐந்து இருபத்தைந்து. ஒரு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

“ஆமாம்மா” என்றேன். “கிட்டத்தட்ட அப்படித்தான்.”

அதுவே வேண்டும் என்று தர்சினி பெண்மணியிடம் சொல்ல, பெரியதை வாங்கினோம். பெண்மணி அதை மடிக்கும்போது, “மாற்ற வேண்டுமென்றால் சனிக்கிழமையும் திறந்திருப்போம்” என்றார். வாசலில் தர்சினி என் கையைப் பிடித்து, “தாங்க்ஸ் மாமா” என்று காதோடு சொன்னாள். “ஸ்கொட்லாந்திலை மற்றப் பிள்ளையளிட்டை சின்னது கடன் வாங்கிப் போடுவன். அம்மாவுக்குத் தெரியாது.”

சனிக்கிழமை கிழவி சொன்ன வெயில் வந்தது. வீடுகளின் முன்னால் மஞ்சள் பூக்கள். ஆண்கள் கோட்டில்லாமல் நடந்தார்கள். ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டார். பயிற்சி, கிழக்கு லண்டனில் கப்பல் வராமல்போன ஒரு பழைய துறையில். நாலு பக்கமும் செங்குத்தான கல்சுவர், மூன்று ஆள் உயரம். நடுவில் பச்சையாகத் தண்ணீர். இரண்டு மூலையில் மட்டும் இரும்பு ஏணி. படகு இறக்க ஒரு மிதவை மேடை. மேடைப் பக்கத்தில் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: காற்று 13 டிகிரி, நீர் 6.

மலர் வந்ததே உடையைப் பார்க்கத்தான். அதற்கு மேல் தர்சினி நீர் புகாத சட்டை ஒன்றும் மிதவைச் சட்டையும் போட்டிருந்தாள். மடிப்பு எதுவும் வெளியே தெரியவில்லை. மலருக்குத் திருப்தி. மார்ட்டின், நாற்பது வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். தர்சினியிடம், “புதுசா? சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார். அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். அடுத்து ஒரு வெள்ளைக்கார மாணவன். கம்பளிச் சட்டையும் மழைக்காற்சட்டையும் மட்டும் போட்டிருந்தான். அவனைத் தன் பக்கத்திலேயே வரச் சொன்னார்.

எட்டுப் படகுகள். பதினொன்று இருபதுக்கு, படகுகள் மேடைக்கு எதிர் மூலையில் இருந்தபோது, கட்டடங்களுக்கு நடுவேயிருந்து காற்று அடித்தது. தர்சினியின் படகும் அந்த மாணவனின் படகும் மோதி இரண்டும் கவிழ்ந்தன. இரண்டு தலைகளும் மேலே வந்தன.

“விழுந்து பழகத்தானே வேணும்” என்றார் மலர். “உடுப்பு நல்லது. பயமில்லை.”

மாணவன் கத்தினான். மார்ட்டின் போய் அவனைத் தன் படகின் பின்பக்கத்தில் குப்புறப் படுக்கவைத்தார். மற்றவர்களைக் கரைக்குப் போகச் சொன்னார். தர்சினியிடம் ஏதோ சொன்னார். அவள் தன் படகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். ஒரு மாணவி மட்டும் அவள் பக்கத்தில் தன் படகை நிறுத்திப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்க்காற்றில் மாணவனை மேடைக்குக் கொண்டுவர மார்ட்டினுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பிப் போக இன்னும் எட்டு.

அதற்குள் மலர் சுவர் ஓரமாக ஓடியிருந்தார். “தர்சி! கையை விடாதையடி! அம்மா இஞ்சை நிக்கிறன்!” மேலேயிருந்து பார்க்க, கைகள் படகைப் பிடித்திருக்கவில்லை, படகின்மேல் கிடந்தன. நான் ஏணியைத் தேடினேன். அருகிலுள்ளதே அடுத்த மூலையில், வெகு தூரத்தில் இருந்தது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவளை மேடைமேல் இழுத்துப் போட்டார்கள். கணுக்கால் பக்கம் உடையின் வாயிலிருந்து தண்ணீர் குடம் கவிழ்ந்ததுபோல ஊற்றியது. “ஐம் ஓகே” என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை உதடு மட்டும் அசைந்தது. மலர் உட்கார்ந்து அவள் பாதங்களை இரண்டு கையாலும் பறபறவென்று தேய்த்தார். நம் வீடுகளில் யாரும் செய்வதுதான். மார்ட்டின் அவர் கைகளைப் பிடித்து விலக்கினார். “தேய்க்காதீர்கள், அசைக்காதீர்கள், குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குப் போகும்.” மலருக்குப் புரியவில்லை. அவரைத் தள்ளிவிட்டுத் தேய்த்தார். நான் மலரைப் பின்னாலிருந்து பிடித்தேன். ஐம்பத்தாறுக்கு மார்ட்டின் தர்சினியின் மார்பில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து உடையைக் கத்தரியால் வெட்டினார்கள். தொளதொளவென்று இருந்ததால் வெட்டச் சுலபமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இதயத்தை மறுபடி ஓடவைத்தார்கள். மற்றதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தால் இந்நேரம் வராந்தாவில் இருபது பேர் இருப்பார்கள், ஒருவராவது சத்தமாக அழுவார். இங்கே நீல நாற்காலிகளில் மூன்று பேர். காப்பி இயந்திரம் ஒன்று, எதை அழுத்தினாலும் சூப் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மார்ட்டின் வந்தார். தர்சினியின் காலணிகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். சிவநேசன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். மார்ட்டின் என்னிடம்தான் பேசினார்.

“அவள் நியோப்ரீன் போட்டிருந்தாள். அவனுக்கு வெறும் கம்பளி. அவனுக்குப் பத்து நிமிடம், அவளுக்கு முக்கால் மணி என்று கணக்குப் போட்டேன். அதனால் அவனை முதலில் எடுத்தேன்.” பையை நாற்காலியில் வைத்துவிட்டு, “உள்ளே அது இரண்டு அளவு பெரியது என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். யார் வாங்கியது?” என்று கேட்டார்.

“குடும்பம்” என்றேன்.

அவர் போனதும் சிவநேசன் திரும்பினார். “வெள்ளைப் பெடியனை முதல்லை கரை சேர்த்தவன். எங்கட பிள்ளையை அரைமணித்தியாலம் தண்ணிக்கை விட்டிட்டான். இஞ்சை வந்து சப்பாத்துத் தாறான். நான் உவனை விடமாட்டன் அண்ணை. அந்தக் கடைக்காரியையும் விடமாட்டன். பெரிசெண்டாலும் பரவாயில்லை எண்டு சொல்லி வித்தவள். நீங்கள் பத்திரிகைக்காரர். நல்ல இங்கிலீசிலை எழுதித் தாங்கோ.”

“அவள் எழும்பட்டும் முதல்லை” என்றார் மலர்.

திங்கட்கிழமை காலை பத்து முப்பத்தைந்துக்குச் சுவாச இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை மரண விசாரணை அலுவலகத்திலிருந்து ஒருவர் மூன்று மணிக்கு மேல் வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. இரண்டு வீடு தள்ளியிருந்தவர்கள் சோறும் பருப்பும் கொண்டுவந்து, முன்கதவைத் தட்டாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சமையலறை மேசையில் சிவநேசன் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். முதலில் மார்ட்டின் பெயர், அதற்குக் கீழே கடை.

“மலர்” என்றேன். “அந்த அம்மா கடையில அப்படிச் சொல்லல.”

குறிப்பேட்டைத் திறந்து, அந்தப் பெண்மணி சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். கைப்பிடி ரப்பர், வந்துபோகும் குளிர்நீர், உடை இல்லாததைவிட மோசம், விற்க விரும்பவில்லை. எல்லாம்.

சிவநேசன் பேனாவை மூடவில்லை. “அப்ப அண்டைக்கு ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?”

“பேசாம நிக்கல. ஆமான்னு சொன்னேன்.”

“ஏன்?”

“கடை மூடுற நேரம்” என்றேன்.

மலர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “பிள்ளை மாத்திச் சொன்னவளோ?”

“ஆமா.”

“அவளுக்கு அது விளங்கினதோ? அந்த மனிசி சொன்னது?”

“விளங்கிச்சு.”

அவர் எழுந்து குழாயைத் திறந்து ஒரு கோப்பையைக் கழுவினார். கழுவின கோப்பையை மறுபடி கழுவினார். சிவநேசன் தாளை இழுத்து, கடையின் பெயரை அடித்தார். மார்ட்டின் பெயரில் பேனா நின்றது.

“வாறவனிட்டை உதைச் சொல்லாதேங்கோ” என்றார் மலர், திரும்பிப் பார்க்காமல். “அவள் பொய் சொன்னவள் எண்டு ஒருத்தரும் எழுதக் கூடாது.”

“அப்ப என்னத்தை எழுதுறது? மார்ட்டின் விட்டிட்டான் எண்டு எழுதவோ?” என்றார் சிவநேசன்.

“அந்தாளிலை பிழையில்லை. கடைக்கார மனிசியிலையும் பிழையில்லை. எல்லாம் எனக்கு விளங்கினது, விளங்கியும் நான்தான் பெரிசு வேணும் எண்டு நிண்டனான். அப்பிடி எழுதட்டும்.”

“விசரே உனக்கு? உன்னையெல்லே பிடிப்பினம்.”

“பிடிக்கட்டும். நான் பெரிசு கேட்டது பொய்யே? செத்த பிள்ளையை விசாரிக்க விடமாட்டன்.”

சிவநேசன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதைப் பிறகு நான் பார்க்கவில்லை.

மூன்று பதினைந்துக்கு அதிகாரி வந்தார். ஓய்வுபெறும் வயது. மழைக்கோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். மலர் வைத்ததும் குடித்தார். மலர் தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மெதுவாக, பெரிய எழுத்தில் எழுதினார். கடைக்காரப் பெண்மணி சரியாக எச்சரித்தார். தாய்க்கு அது புரிந்தது. மகள் சிறிய அளவே வேண்டும் என்றாள். தாய் சம்மதிக்கவில்லை. மகளைப் பற்றிய அந்த மூன்றாவது வாக்கியத்தை மலர் அப்போதுதான் சேர்த்தார்.

“கடைக்கு வேறு யாராவது போயிருந்தார்களா?” என்று அதிகாரி கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

“நானும் பிள்ளையும்தான்” என்றார் மலர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அதையே நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அறிக்கை ஒரு பக்கம், பதினொரு வரி. மலர் அடியில் கையெழுத்திட்டார். அதில் என் பெயர் இல்லை.